சும்மா காசு என்று சொன்ன அண்ணைக்கு

சிட்னியில் நம் தமிழ்ச் சங்கத்தின் சனிக்கிழமை ஒன்றுகூடலில் நடந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். "சின்ன விசயம், விடு" என்று எனக்கு உள்பெட்டியில் சொன்னவர்களும் உண்டு. விட முடியவில்லை. சாப்பாட்டு வரிசையில் அந்த அண்ணைக்குப் பின்னால் நின்றவள் நான். வரவேற்புரை சொன்ன ஆஸ்திரேலியப் பூர்வகுடி அம்மா அப்போதும் மண்டபத்தில்தான் இருந்தார். "உவையளுக்கு அரசாங்கம் சும்மா காசு குடுக்குது, வேலை வெட்டி ஒண்டும் இல்லை" என்றார் அண்ணை. நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது சும்மா காசு இல்லை. வேலைக்குக் கூலி.

சிட்னிக்கு வருமுன் டார்வினில் கணக்காளராக இருந்தேன். எங்கள் அலுவலகம் பூர்வகுடி மக்களே நடத்தும் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தது. தங்கள் நிலத்தைப் பராமரிக்கும் ரேஞ்சர்களின் சம்பளம், டீசல், டயர், ஹெலிகொப்டர் வாடகை, எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கும். ஒருமுறை அவர்கள் காட்டுக்கு நெருப்பு வைக்கப் போனபோது கூட்டிப் போனார்கள். மூத்த ரேஞ்சர் ஒருவர் புல்லைக் கையில் கசக்கிப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், பிறகுதான் கொளுத்தினார். நெருப்பு முழங்காலுக்கு மேலே எழவில்லை. கீழே புல் கருக, மேலே மர இலை பச்சையாகவே நின்றது. இரவு பனி விழ, தானாக அணைந்தது. மழையில்லாத வறண்ட காலத்தின் தொடக்கத்தில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டால், அந்தக் காலத்தின் கடைசி மாதங்களில் காடே பற்றி எரியாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கலாம், அண்ணை?

டார்வினுக்குக் கிழக்கே, பூர்வகுடி மக்களின் நிலமான மேற்கு ஆர்னம் லாண்டில் 2006 இல் இதற்கென்றே ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 28,000 சதுர கிலோமீட்டர் நிலம். பூமியைச் சூடாக்கும், நெருப்பால் வெளியேறும் வாயுவை ரேஞ்சர்கள் குறைக்க, தன் ஆலை விடும் வாயுவுக்கு ஈடாக டார்வின் எரிவாயு ஆலையை நடத்திய கம்பெனி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டொலர் கொடுத்தது. கொடுத்தது கம்பெனி, அரசாங்கம் இல்லை. கொடுத்தது செய்த வேலைக்கு. கிறிஸ்தவ மிஷன்களுக்கும் நகரங்களுக்கும் சனம் போய், ஆளில்லாமல் கிடந்த மேட்டுநிலம் அது. பர்தயால் நஜமெரெக் என்ற ஓவியப் பெரியவர்தான் தன் ஆட்களைத் திரும்ப அங்கே கூட்டிப் போனார். அவர்கள் தொடங்கிய வார்டெக்கன் நிறுவனம் இன்று நெருப்பையும் பாறை ஓவியங்களையும் பார்த்துக்கொள்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழியான குன்விஞ்குவும் ஆங்கிலமும் படிக்கிறார்கள்.

"எல்லா நிறுவனமும் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. கெட்டு நொடித்ததும் உண்டு. ஆனால் பூர்வகுடி நிறுவனங்களுக்கென்று 2006 இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, தனிப் பதிவாளர் இருக்கிறார், பதிவேட்டை யாரும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். நம் சங்கத்தின் வரவு செலவை நான் எங்கே போய்ப் பார்ப்பது? நம் தமிழ்ப் பள்ளிகளும் அரசு மானியம் வாங்குகின்றனவே, அதுவும் சும்மா காசா? நம் மொழி என்றால் உரிமை, அவர்கள் மொழி என்றால் பிச்சையா?

"நாங்கள் வெறுங்கையோடு வந்து கஷ்டப்பட்டு முன்னேறினோம்" என்பதும் எனக்குத் தெரியும். என் அப்பா இரவில் தொழிற்சாலைக்கும் பகலில் டாக்சிக்கும் போனவர். ஆனால் அவர் உழைத்த கூலி அவர் கைக்கு வந்தது. குரிஞ்சி என்ற பூர்வகுடி மாட்டுப் பண்ணையாட்கள் 1966 இல் தங்கள் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியோடு வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறியது எதற்காக? ஒழுங்கான கூலிக்கும் சொந்த நிலத்துக்கும். 1975 இல்தான் பிரதமர் விட்லம் வந்து, நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாக லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார்.

1990 இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய குடும்பம் எங்களுடையது. அம்மம்மா சாகும்வரை காணி உறுதியைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். காணி போனால் என்ன போகும் என்று நமக்குத் தெரியாதா? தெரிந்த நாம் சிரிக்கலாமா? அதுதான் வலிக்கிறது. வேறு யாரும் சிரித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

"அரசியலைச் சங்கத்துக்குள் கொண்டு வராதே" என்று இனி யாராவது வருவார்கள். சாப்பாட்டு வரிசைக்குள் அதைக் கொண்டு வந்தது நானில்லை.

சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாவுக்குச் சங்கத்தின் பெயரில், எழுத்தில், வருத்தம் தெரிவியுங்கள். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போடுகிற ஆட்கள் யார் யார் என்று கீழே சொல்லுங்கள்.