பன்றிக்கறி வறுவல் துண்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஓவன் தேவையில்லை

காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பன்றிக்கறியில் துளி இளஞ்சிவப்பு இருந்தாலும் நாடாப்புழு மூளைக்கு ஏறிவிடும், ஓவனில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.” பயம் நியாயமானது, சொன்ன கணக்குதான் தப்பு.

நிறத்தை வைத்து வெந்ததா என்று முடிவு செய்ய முடியாது. சூட்டைத்தான் பார்க்க வேண்டும். முழுத் துண்டுக் கறியின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இறக்கியபின் 3 நிமிடம் ஆறினால் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011இல் அறிவித்தது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி. இரண்டையும் அத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

மூளை விஷயம் வேறு. அரைவேக்காட்டுக் கறியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளையில் கட்டி வருவது, அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கைவழியாகவோ தண்ணீர், காய்கறி வழியாகவோ வயிற்றுக்குள் போவதால். உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. ஆக, கறியே தொடாத வீட்டிலும் கை கழுவத்தான் வேண்டும்.

சரி, சமையலுக்கு வருவோம். ஒரு அங்குலத் துண்டை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, 200 டிகிரி ஓவனில் வைத்தால் 20 நிமிடத்தையொட்டி வெந்துவிடும். (ரொட்டித்தூளில் கொஞ்சம் மிளகு, சோம்பு சேர்ப்பது நம்ம ஊர்ப் பழக்கம், தடையில்லை.) 15ஆவது நிமிடத்திலிருந்தே கறி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் வைத்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.