ஃபீல்டு மார்ஷல் ஒருவர் அல்ல, இருவர்

பெங்களூரு கப்பன் ரோடு மானெக்‌ஷா அணிவகுப்பு மைதானப் படத்துக்குக் கீழே, 'இந்திய ராணுவத்தில் இதுவரை ஃபீல்டு மார்ஷல் ஆனவர் இவர் ஒருவரே' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்துமிருக்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம்: ராணுவத்தின் மிக உயர்ந்த இந்த ஐந்து நட்சத்திரப் பட்டம் பெற்றவர்கள் இருவர் உண்டு.

மானெக்‌ஷா ராணுவத் தளபதியாக இருந்தபோதே 1973 ஜனவரியில் அந்தப் பட்டம் பெற்றார். அவர்தான் முதலாமவர். அடுத்த 13 ஆண்டுகள் வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை. பழைய பொது அறிவுப் புத்தகங்களில் 'ஒரே' என்று இருந்தால் அன்றைக்கு அது சரிதான். 1986இல் நம் பக்கத்துக் குடகுக்காரர் கரியப்பாவுக்கும் கொடுத்தார்கள். அதில் விசேஷம் என்னவென்றால், அவர் ஓய்வுபெற்றது 1953இல். அதாவது வீட்டுக்குப் போய் 33 ஆண்டுகள் கழித்து ஐந்து நட்சத்திரம்! 1949இல் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர் என்பதால், அவரையே முதல் ஃபீல்டு மார்ஷல் என்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு.

(அர்ஜன் சிங் 2002இல் பெற்றது விமானப்படையின் சமநிலைப் பட்டம். அது தனிக்கணக்கு.)

சரிபார்க்க அதிகம் அலைய வேண்டாம். ராணுவத்தின் இணையதளத்தில் முன்னாள் தளபதிகளின் பெயர்களுக்கு முன்னால் என்ன பட்டம் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் மைதானத்திலிருந்து ரெசிடென்சி ரோட்டுக்கு நடந்து போங்கள். அந்தச் சாலையின் அதிகாரப்பூர்வப் பெயரே ஃபீல்டு மார்ஷல் கரியப்பா சாலை. நாம்தான் இன்னும் பழைய பெயரை விடவில்லை.