எங்களையும் எண்ணுங்கள் என்று கேட்பதில் என்ன தவறு?

சுகாதாரப் பணியாளர் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்ன அந்தக் கூட்டத்தைப் பற்றி இரண்டு நாளாக ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நானும் அந்த அரங்கில்தான் இருந்தேன். கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். அடங்குவதாக இல்லை.

படிவத்தைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது, அவ்வளவு பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். சுகாதாரம், சமூகப் பராமரிப்புத் துறைப் பணியாளர் கணக்கெடுப்பாம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், ஓட்டுநர், காவலர், துப்புரவுப் பணியாளர் என்று எல்லோருக்கும் கட்டம் இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: தொண்டு அமைப்புகளின் ஊழியர்களையும் தன்னார்வலர்களையும் சேர்க்க வேண்டாம். ஒரு அம்மா எழுந்து ஏன் என்று கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "மனமுவந்து செய்வதற்கு எதற்கம்மா கணக்கு? நீங்களெல்லாம் கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள்." அரங்கம் கைதட்டியது. எங்கள் ஆட்களே தட்டினார்கள். அவர் சொன்னதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள் என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கணக்கில் இல்லாத ஆளுக்குப் பயிற்சிக்கு யார் நிதி ஒதுக்குவார்? கையுறைகூட எத்தனை ஜோடி வாங்க வேண்டும் என்று தலையை எண்ணித்தானே வாங்குகிறார்கள்? அடுத்த ஐந்து வருடத்துக்கு எத்தனை ஆள் தேவை என்று திட்டம் போடுகிறவர் நம்மை எந்தப் பக்கத்தில் எழுதுவார்? எங்குமே எழுத மாட்டார். அந்தக் கைதட்டலுக்கு அர்த்தம் அதுதான்.

ஒரு நாள் காலையில் தன்னார்வலர் யாரும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்ததான முகாமில் படுக்கை போடுவதற்கும் பெயர் எழுதுவதற்கும் ஆள் இருக்காது. வலிதணிப்புச் சிகிச்சையில், அதாவது தீராத நோயின் வலியையும் வேதனையையும் குறைக்கும் கவனிப்பில், இருப்பவர்களின் வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். மறதிநோய் உள்ளவர்களின் பகல்நேர மையம் திறக்காது. இரவு 2 மணிக்குச் சாக வேண்டும் போலிருக்கிறது என்று தொலைபேசியில் அழைப்பவருக்கு எதிர்முனையில் குரல் இருக்காது. பெரிய மருத்துவமனையில் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று தெரியாமல் நிற்கும் முதியவருக்கு வழிகாட்ட ஒருவரும் இருக்க மாட்டார். அன்றைக்கு என்னென்ன நின்று போகும், எவ்வளவு நின்று போகும் என்று சொல்லக்கூடிய பட்டியல் யார் கையிலும் இல்லை. பட்டியல் இல்லை என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது.

எண்ணுவது கடினம் என்று ஒருவர் என் பக்கத்தில் எழுதியிருந்தார். கடினம்தான். ஆனால் அதற்கு வழி கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன்னார்வப் பணியை அளப்பதற்கென்றே 2011-ல் ஒரு கையேடு வெளியிட்டது. 2013-ல் ஜெனீவாவில் நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19-வது சர்வதேச மாநாடு, வேலை என்றால் என்னென்ன என்று வகைப்படுத்தியபோது தன்னார்வப் பணியையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்தது. சம்பளமில்லாமல், கட்டாயமில்லாமல், தன் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் செய்யும் வேலை. கணக்கெடுக்கும் காலத்துக்குள் ஒரு மணி நேரம் செய்திருந்தாலே போதும். உலகத்துப் புள்ளியியலாளர்கள் கூடி இதை வேலை என்று எழுதி வைத்த பிறகும், நம் மேடையில் ஒருவர் இது மனசு சம்பந்தப்பட்டது என்கிறார்.

அந்தக் கையேட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. நீங்கள் தன்னார்வலரா என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று வேளையும் ஊட்டிவிடுகிற பெண் தன்னை அப்படி நினைத்துக்கொள்வதே இல்லை. அதனால், கடந்த 4 வாரத்தில் சம்பளம் வாங்காமல் வெளியாருக்காக என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் செய்தீர்கள் என்று கேட்கச் சொல்கிறார்கள். ஏன் 4 வாரம்? ஒரு வருடம் என்றால் மறந்துவிடும். இப்படியெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் 2018 அறிக்கை, உலகம் முழுவதும் நடக்கும் தன்னார்வ வேலையைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 10.9 கோடி முழுநேரப் பணியாளர்களின் உழைப்புக்குச் சமம் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் எந்த அமைப்பின் கீழும் வராமல் ஆளுக்கு ஆள் நேரடியாகச் செய்வது. அமைப்புகளுக்கு மட்டும் படிவம் அனுப்பினாலே பெரும்பகுதி விட்டுப்போகும். இங்கே அமைப்புகளைக்கூடக் கேட்கவில்லை.

வெறும் தலை எண்ணிக்கை போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவைக்கு 2.5 லட்சம் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். சில நாட்களிலேயே 7.5 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். பதிவை நிறுத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. பதிவு செய்த பலர் வேலை வரும் என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனசு இருக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. யாருக்கு என்ன தெரியும், எந்த நேரம் வர முடியும், எந்தத் தெருவில் தேவை என்கிற விவரம்தான் வேண்டும். அதைக் கேட்காத கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்பு. எங்களையே கேட்காதது அதுகூட இல்லை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன்.

வலிதணிப்புக் குழு ஒன்றோடு வீடு வீடாகப் போகிறவன் நான். எங்களோடு வரும் ஒருவர், ஒரு நோயாளியின் படுக்கையைச் சுத்தம் செய்யும்போது விரிப்புக்குள் கிடந்த ஊசி கையில் குத்திவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. அவரை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பிரிவுப் பணியாளர்?" எந்தப் பிரிவும் இல்லை என்றதும் பேனா நின்றுவிட்டது. பணியாளருக்கு என்றால் ஒரு வழிமுறை இருக்கிறது, பொதுமக்களுக்கு என்றால் வேறொன்று, இவர் இரண்டிலும் வரவில்லை என்று எங்களை மேசை மேசையாக அனுப்பினார்கள். கடைசியில் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மருத்துவர் விஷயம் கேட்டு, தானே கையெழுத்துப் போட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஊசிக் குத்துப்பட்டவர் நன்றாக இருக்கிறார் இப்போது. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவன் நான். பயத்தைவிட அவமானம்தான் அதில் அதிகம் இருந்தது. கணக்குக்கு அப்பாற்பட்டவர் என்று யாராவது அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எப்படியும் கீழே வந்து எழுதப் போகிறீர்கள்.

சேவை என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பீர்கள். கொடுக்கிறவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். என் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கச் சொன்னேனா? பெயரே வேண்டாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை, என்ன பயிற்சி, என்ன ஆபத்து, அவ்வளவு போதும். ரத்த வங்கியில் கொடையாளர் பட்டியல் வைத்திருக்கிறார்களே, அதனால் ரத்தம் கொடுத்தவரின் புண்ணியம் குறைந்துவிட்டதா? பட்டியல் இருப்பதால்தான் அரிய வகை ரத்தம் தேவைப்படும்போது நள்ளிரவில் ஒருவரை எழுப்ப முடிகிறது. சேவை மனப்பான்மை அவ்வளவு சுலபமாகக் கெட்டுவிடாது. பல வருடம் பலருடைய மலத்தையும் சீழையும் துடைத்தவர்களுக்கு ஒரு படிவத்தைப் பார்த்து மனம் மாறிவிடும் என்று நினைப்பது அவர்களைக் கேவலப்படுத்துவது.

எண்ணினால் அடுத்து சம்பளம் கேட்பீர்கள் என்று ஒருவர். ஆமாம், சிலர் கேட்க வேண்டியவர்கள்தான். இந்தியாவில் 2005-ல் ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளர்களைப் பாருங்கள். ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள். கர்ப்பிணியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவது, தடுப்பூசிக்குக் குழந்தைகளைத் திரட்டுவது, கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்தது எல்லாம் அவர்கள். 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. ஆனால் அரசு ஆவணத்தில் அவர்கள் தன்னார்வலர்கள், வாங்குவது ஊக்கத்தொகை. அதே உலக சுகாதார அமைப்பு 2018-லேயே, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் கொடுங்கள், ஊக்கத்தொகையை மட்டுமே நம்ப வைக்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. உலகம் முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சுகாதாரத் துறையின் அடிப்படை வேலைகளைச் சம்பளமே இல்லாமலோ மிகக் குறைந்த சம்பளத்துக்கோ செய்கிறார்கள் என்று "விமன் இன் குளோபல் ஹெல்த்" அமைப்பு 2022-ல் சொன்னது. யார் விரும்பி நேரம் கொடுக்கிறார், யாரிடமிருந்து உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்கிறோம் என்று பிரித்துப் பார்க்கவாவது எண்ண வேண்டாமா?

ஆஷாக்களை எண்ணித்தானே வைத்திருக்கிறார்கள், என்ன கிடைத்தது என்று கேட்கலாம். 10 லட்சம் பேர் என்று சொல்ல முடிகிறதே, அது கிடைத்தது. அந்த எண் இருப்பதால்தான் அவர்கள் சங்கமாகத் தெருவில் இறங்கும்போது திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாங்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியாது.

எண்ணிக்கை கையில் கிடைத்தால், இத்தனை பேர் சும்மா வருகிறார்களே என்று அரசு செவிலியர் பணியிடத்தைக் குறைத்துவிடும் என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் எழுதினார். நியாயமான பயம். ஆனால் எண்ணாமலேயே அது நடந்துகொண்டிருக்கிறதே ஐயா. ஆள் இல்லாத இடத்தில் எல்லாம் நாங்கள்தான் நிற்கிறோம். யாரும் எழுதி வைக்காததால் அங்கே ஆள் குறைவு என்பதே வெளியே தெரிவதில்லை. சின்ன அமைப்புகள் படிவத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் என்கிறார்கள். சுருக்கமான படிவமாகக் கொடுங்கள், தீர்ந்தது.

கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்புறம் அக்கம்பக்கத்து மக்களுக்கே பயிற்சி கொடுத்து, செவிலியரோடும் மருத்துவரோடும் சேர்த்து வீட்டுக்கு வீடு கவனிக்கும் முறையாக அது வளர்ந்தது. 2008-ல் மாநில அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தன்னார்வலரைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியிருந்தால் அந்தக் கொள்கையில் பாதி எழுதியிருக்கவே முடியாது.

தன்னார்வலரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்பில் தொண்டு அமைப்பின் ஊழியர்களும் இருக்கிறார்கள், மறந்துவிடாதீர்கள். அவர்களைப் பாராட்டிக்கூட யாரும் கைதட்டுவதில்லை. எங்கள் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராக ஒரு அக்கா இருந்தார். நன்கொடை வந்தால் சம்பளம், வருடா வருடம் புது ஒப்பந்தம். எந்த வீட்டில் எந்த நாளில் வலிக்கான மார்பின் மாத்திரை தீரும், எந்த வீட்டில் மகனோடு பேச வேண்டும், மருமகளோடு பேசக் கூடாது, யாரை எந்த வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துவரும், எல்லாம் அவர் நோட்டிலும் தலையிலும் இருந்தது. ஒரு வருடம் நன்கொடை நின்றது, அவர் வேலையும் போனது. அந்த மாதமே வருகைகள் சிதறிப்போயின. இரண்டு பேர் ஒரே வீட்டுக்குப் போய் நின்றோம். ஒரு வீட்டுக்கு யாருமே போகவில்லை. அங்கே புற்றுநோயில் இருந்த பெரியவர் மாத்திரை தீர்ந்துபோய் ராத்திரி முழுவதும் கத்தியிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் எங்களைத் திட்டவில்லை. "உங்களுக்கும் வேலை இருக்கும் இல்லையா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு செவிலியர் இடம் காலியானால் காலிப் பணியிடம் என்று ஒரு கோப்பிலாவது இருக்கும். அக்காவின் இடம் எந்தக் கோப்பிலும் காலியாகவில்லை. எந்தக் கோப்பிலும் அது இருந்ததே இல்லை. இதற்கா கைதட்டினீர்கள்?

அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, தொண்டு அமைப்பு ஊழியர்களுக்கு ஒரு கட்டமும் தன்னார்வலர்களுக்கு ஒரு கட்டமும் சேர்த்துப் படிவத்தைத் திரும்ப அனுப்புங்கள். கூட்டம் நடத்தியவர்களிடம் நான் எழுத்தில் கேட்டிருப்பது இவ்வளவுதான். பதில் வந்தால் இங்கே போடுகிறேன். விளம்பரம் தேடுகிறீர்கள் என்று எழுதப் போகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மணி நேரத்தை எப்படிக் கேட்பது, ஒரே ஆள் மூன்று அமைப்பில் இருந்தால் மூன்று தடவை எண்ணாமல் எப்படிப் பார்ப்பது, அமைப்பே இல்லாமல் தனியாகச் செய்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேச வருகிறவர்கள் வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.