விளக்கு எரியாத கம்ப்யூட்டர்

(ஹட்டனில் மழை. கடைவீதி ஓரமாக நிற்கும் ஆட்டோவுக்குள் இருவர். முன் ஆசனத்தில் ஆட்டோவின் சொந்தக்காரர் குமார். பின் ஆசனத்தில் அவருடைய மாமியார் ராசம்மா. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், சேமலாப நிதியில் மிச்சம் வைத்த பணம் அவருடைய சுருக்குப் பையில் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர் கடைகள் பார்த்தாயிற்று, இன்னும் வாங்கவில்லை. ஆட்டோவின் கூரை ஓரத்தில் நீல விளக்குகள் வரிசையாக மின்னிக்கொண்டிருக்கின்றன. அவை எதற்கு என்று இதுவரை யாரும் குமாரைக் கேட்டதில்லை.)

குமார்: யோசிக்கவே வேண்டாம் மாமி. இரண்டாவது கடையில் மேசை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்ததே, அதுதான் நமக்கு.

ராசம்மா: சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்ததே, அதுவா?

குமார்: அதேதான். உள்ளே மூன்று ஃபேன்!

ராசம்மா: பொகவந்தலாவையில் ஃபேன் எதற்கு மருமகன்? நான் ஜூலை மாதத்திலும் இரண்டு கம்பளி போர்த்துகிறேன்.

குமார்: நமக்கு இல்லை மாமி, கம்ப்யூட்டருக்கு. வேலை செய்யும்போது சூடாகும்.

ராசம்மா: என்ன வேலை?

குமார்: பிள்ளையின் படிப்புதான்.

ராசம்மா: பிள்ளை சாதாரண தரம் எழுதப் போகிறாள். பழைய வினாத்தாள் இறக்க வேண்டும், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடம் பார்க்க வேண்டும், எக்ஸெல் பழக வேண்டும். எனக்குக் கட்டாரில் இருக்கிற சின்னவளின் முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும். இதில் எது சூடாகும்?

குமார்: அந்தப் பெட்டிக்குள் இருக்கிற, படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் சின்னவளின் முகம் தெளிவாகத் தெரியாது மாமி.

ராசம்மா: நீங்கள் அந்தப் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றபோது கடைப் பையனிடம் விசாரித்தேன். சிப்புக்குள்ளேயே படம் காட்டுகிற பகுதி இருக்கிறதாம். யூடியூப், ஸூம், எழுத்து வேலை எல்லாவற்றுக்கும் அது தாராளம். இன்டெல் சிப்பின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அந்தப் பகுதி இருக்காதாம், தனிக் கார்டு போட வேண்டுமாம். அதனால் எஃப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குமார்: கடைப் பையனுக்கு என்ன தெரியும்?

ராசம்மா: அந்தக் கார்டு மட்டும் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும் என்று தெரிந்திருக்கிறது. கரண்ட் பில்லில் யூனிட் ஒரு படி ஏறினால் விலையும் ஒரு படி ஏறும் என்று எனக்குத் தெரியும். போனில் ஏதோ கார் ஓட்டிக்கொண்டிருப்பீர்களே, அதைப் பெரிய திரையில் ஓட்டத்தானே இந்தக் கார்டு?

குமார்: அது… பிள்ளைக்கு வீதி ஒழுங்கு தெரிய வேண்டாமா?

ராசம்மா: நேற்று நீங்கள் அந்தக் காரை ஆற்றுக்குள் இறக்கியதை நானும்தான் பார்த்தேன்.

(சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும்.)

குமார்: சரி, விளக்கு வேண்டாம். முதல் கடையில் இருந்த, இன்டெல் ஐ செவன் சிப் போட்ட பெட்டியை எடுப்போம். கொழும்பில் ஏதோ ஒபிஸில் இருந்து கழித்தது, மலிவு. பக்கத்தில் இருந்த ஐ ஃபைவுக்கு அதைவிடக் கூட விலை சொல்கிறார். ஏழு பெரிதா, ஐந்து பெரிதா மாமி? ஏமாற்றுகிறார்கள்.

ராசம்மா: (சுருக்குப் பையிலிருந்து மடித்த கொப்பித் தாளை எடுக்கிறார்) கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன். நீங்களே வாசியுங்கள். பிள்ளை எழுதிக் கொடுத்தது.

குமார்: (வாசிக்கிறார்) "அம்மாயி, ஐ என்ற எழுத்தோடு ஒட்டி வருகிற எண்ணில் மயங்க வேண்டாம். கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கம் வந்து ஒன்றில் தொடங்கினால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்."

ராசம்மா: உங்கள் ஐ செவனின் எண் என்ன?

குமார்: 3770.

ராசம்மா: மூன்றாம் தலைமுறை. 2012இல் வந்தது. அந்த ஐ ஃபைவ்?

குமார்: 8500.

ராசம்மா: எட்டு. 2018. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் ஒத்துக்கொள்கிற இன்டெல் பட்டியல், ஒரு சில விலக்குப் போக, எட்டில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. தாளில் கீழே இருக்கும், பாருங்கள்.

குமார்: ஆனால் அந்த ஐ செவனிலும் விண்டோஸ் 11 ஓடியதே! கடைக்காரர் என் கண் முன்னே காட்டினார்.

ராசம்மா: குறுக்கு வழியில் ஏற்றியிருப்பார். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி சொல்லாது. பின் கதவால் தோட்டத்து லய வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்களா?

குமார்: முன் கதவால் வந்து நான்கு தலைமுறையாக இருக்கிற நமக்கே இன்னும் கொடுக்கவில்லையே மாமி.

ராசம்மா: அந்தக் கதையைத் தொடங்கினால் கடை பூட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரைப் பேசுங்கள்.

(இங்கே குமார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதே பழைய ஐ செவனுக்குத் தட்டுச் சுற்றாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, விண்டோஸை விட்டு, காசு கேட்காத லினக்ஸ் மின்ட் ஏற்றினால் வினாத்தாளும் வீடியோவும் நன்றாகவே ஓடும். மிகக் குறைந்த பணத்தில் வாங்குகிறவர்களுக்கு அது மோசமான வழி அல்ல. ஆனால் குமார் ஐ செவனைக் கேட்டது ஏழு பெரிய எண் என்பதற்காக. அதனால் இந்த நியாயத்தை அவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.)

குமார்: சரி, ஒன்றைச் சொல்லுங்கள். ஐ செவனில் ஒரு டெராபைட் டிஸ்க். உங்கள் ஐ ஃபைவில் 256 ஜீபி. கால்வாசிதான்! இதில் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்.

ராசம்மா: முதல் கடையில் நான் வெற்றிலை போட்டதைப் பார்த்தீர்களா?

குமார்: பார்த்தேன். அதற்கும் இதற்கும் என்ன?

ராசம்மா: உங்கள் ஒரு டெராபைட்டைக் கடைக்காரர் போட்டார். நான் வெற்றிலை மடித்து, மென்று, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐ ஃபைவைப் போட்டார். பாக்கை எடுக்குமுன் திறந்துவிட்டது. முதலாவதில் தட்டுச் சுற்றுகிற பழைய டிஸ்க், மற்றதில் எஸ்எஸ்டி. நம்மிடம் என்ன இருக்கிறது ஒரு டெராபைட்டில் வைக்க?

குமார்: என் கல்யாண வீடியோ.

ராசம்மா: அதைத் திறந்து பார்க்க யாரும் அவசரப்படவில்லை.

குமார்: …ரேம்?

ராசம்மா: எட்டு ஜீபி. இன்னொன்று போட இடமும் இருக்கிறது. மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். தூசி இருந்தது, துடைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

குமார்: (கொஞ்சம் பயத்துடன்) மாமி, பட்ஜெட் எவ்வளவு?

ராசம்மா: கடைக்காரருக்கு அறுபதாயிரம் என்று சொன்னேன்.

குமார்: உண்மையில்?

ராசம்மா: அது எனக்கும் பேங்க் புத்தகத்துக்கும் இடையில் இருக்கட்டும். காலமெல்லாம் நான் பறித்த கொழுந்தில் சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று வெட்டினார்கள். இந்த முறை கழிவை நானே முதலில் வெட்டிவிட்டேன். பெட்டியின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், பிறகு ஒவ்வொன்றாக வரும்.

குமார்: என்ன வரும்? மொனிட்டர், கீபோர்ட், மவுஸ். அவ்வளவுதானே?

ராசம்மா: படம் போகிற வயரைச் செருக மொனிட்டரில் எச்டிஎம்ஐ ஓட்டை, பெட்டிக்குப் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டை. பார்க்க ஒரே ஜாடை, ஒன்றுக்குள் ஒன்று போகாது. அதற்கு ஒரு வயர். ஒபிஸ் பெட்டியில் பெரும்பாலும் வைஃபை இருக்காது, அதற்கு ஒரு டொங்கிள். கேமராவும் மைக்கும் இல்லாமல் சின்னவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? அப்புறம் யூபிஎஸ்.

குமார்: யூபிஎஸ் நல்லது மாமி! கரண்ட் போனாலும் மேட்ச் முழுவதும் பார்க்கலாம்.

ராசம்மா: ஒரு ஓவர், இரண்டு ஓவர் பார்க்கலாம். சின்ன யூபிஎஸ் தருவது சில நிமிடம்தான், எழுதியதைச் சேமித்துவிட்டு ஒழுங்காக மூட. ஐப்பசி மாதம் பின்னேரத்தில் இடி இடித்தால் யூபிஎஸ்ஸை நம்பியும் இருக்கக் கூடாது, பிளக்கையே கழற்ற வேண்டும். போன வருஷம் பக்கத்து வீட்டு டிவி எப்படிப் போனது?

குமார்: எல்லாம் சரி. ஆனால் அந்த ஐ ஃபைவ் பெட்டி சின்னதாக, கறுப்பாக, ஒரு அழகும் இல்லாமல் இருக்கிறதே. நாலு பேர் வந்தால் கம்ப்யூட்டர் என்று தெரிய வேண்டாமா?

ராசம்மா: ரோட்டிலிருந்து நம் லயத்துக்கு எத்தனை கல் படி?

குமார்: ஏகப்பட்டது.

ராசம்மா: மழையில் யார் தூக்கிக்கொண்டு ஏறுவது?

குமார்: (யோசித்து) சின்னப் பெட்டியிலும் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது மாமி.

ராசம்மா: மழை விட்டுவிட்டது. நடங்கள். விண்டோஸ் அக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். எக்ஸெல்லுக்குத் தனிக் காசு கேட்டால் காசு கேட்காத லிப்ரே ஒபிஸ் போடச் சொல்ல வேண்டும், பிள்ளை பழக அது போதும். வொரண்டியை வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

குமார்: மாமி, ஒரே ஒரு ஆசை. விளக்கு எரிகிற மவுஸ் ஒன்று…

ராசம்மா: வாங்குங்கள். உங்கள் ஆட்டோக் காசில்.

குமார்: அப்படியென்றால் சாதாரண மவுஸே பரவாயில்லை. கடையில் நான் என்ன பேச வேண்டும்?

ராசம்மா: இரண்டே வார்த்தை. "விலை கூட."

குமார்: எப்போது சொல்ல வேண்டும்?

ராசம்மா: அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம்.