ஓல்ட்ஸ்மொபைல் மூடப்பட்டது 2009-இல் அல்ல

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோதுதான் அதன் கார் பிராண்டான ஓல்ட்ஸ்மொபைல் மூடப்பட்டது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். வருடம் தவறு. மூடப்போகும் அறிவிப்பு 2000 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கடைசிக் கார், அலெரோ என்ற மாடல், 2004 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் லான்சிங் நகர ஆலையில் தயாரானது. 2009-இல் மூடுவதாக அறிவிக்கப்பட்டது அதே நிறுவனத்தின் இன்னொரு பிராண்டான பான்டியாக். அதனால்தான் இரண்டும் குழம்புகின்றன என்று நினைக்கிறேன்.

1980-களின் நடுவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் கார்களுக்கும் மேல் விற்ற பெயர் ஓல்ட்ஸ்மொபைல். 1978-இல் வந்த அதன் டீசல் எஞ்சினில் சிலிண்டர் மூடியை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகள் டீசல் எஞ்சினின் அதிக அழுத்தத்தைத் தாங்கவில்லை, டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் இல்லை. பிறகு வந்த விற்பனைச் சரிவுக்கு அந்த எஞ்சினும் ஒரு காரணம், ஆனால் 2009 நெருக்கடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். 1981-க்குப் பிந்தைய அமெரிக்கக் கார்களில், முன்கண்ணாடியின் கீழே ஓட்டுநர் பக்கம், எழுத்துகளும் எண்களும் கலந்த 17 இட வின் எண் (ஒவ்வொரு காருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) இருக்கும். அதில் பத்தாவது இடம்தான் மாடல் ஆண்டைக் காட்டும்: 2004-க்கு 4, 2009-க்கு 9. விற்பனை விளம்பரங்களில் எத்தனை ஓல்ட்ஸ்மொபைல்களைப் பார்த்தாலும் அந்த இடத்தில் 5 முதல் 9 வரை எந்த எண்ணும் வராது. பான்டியாக்கில் வரும்.