வாசலில் பன்னீர், உள்ளே வீசிங்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி பையனின் ரிசப்ஷன். பத்து நிமிடம்கூட மண்டபத்தில் உட்கார முடியவில்லை. ஏசி ஓடுவதால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மூலைக்கு மூலை ரூம் ஸ்பிரே. போதாததற்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது புகை மிஷின் வேறு. கண் எரிந்து, தொண்டை அடைத்து, இன்ஹேலரோடு பார்க்கிங்குக்கு ஓடினேன். பந்திக்குக் கூப்பிட வந்த அத்தை, "வாசனைக்குப் பயந்தா எழுந்து வந்தே?" என்று கேட்டார்.

அத்தைமேல் வருத்தமில்லை. நமக்கு வாசனை என்றால் மங்கலம், மரியாதை. வாசலில் தெளிக்கும் பன்னீர் என்னை ஒன்றும் செய்வதில்லை. படுத்துவதெல்லாம் டப்பா ஸ்பிரே, பினாயில், புது பெயின்ட், டாய்லெட்டில் போடும் பாச்சை உருண்டை. ஆஸ்துமாவும் மைக்ரேனும் உள்ள பலருக்கு இதே கதைதான். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடக்கூடியது. அதையும் வெறும் வாசனை என்பீர்களா?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். அடித்த ஸ்பிரே முழுக்க உள்ளேயேதான் கிடக்கும். விருந்தாளி நாமாவது இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். டாய்லெட் கழுவும் அக்கா நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார். (ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றச் சொல்லாதீர்கள், குளோரின் வாயு வரும்.)

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எங்கள் தொல்லை அதில் இல்லை. சரி, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி தன் கட்டடங்களுக்குள் வாசனைப் பொருட்கள் கூடாது என்று 2009-லேயே விதி போட்டது. அவ்வளவுகூட நான் கேட்கவில்லை. மல்லிகைப்பூவை யார் வேண்டாம் என்றார்கள்! ஸ்பிரே அடிக்காதீர்கள், ஏசி போடுமுன் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், விசேஷத்துக்கு முதல் நாள் பெயின்ட் அடிக்காதீர்கள். அப்புறம், அழைக்கும்போதே "உங்களுக்கு எதுவும் ஒத்துக்காதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாட்டுக்குக் கேட்கிறோமே, அதே மாதிரி.

எங்கள் குடியிருப்பு ஹாலில் ஆறு மாதம் நச்சரித்து ஸ்பிரேயை மட்டும் நிறுத்த வைத்தேன். "வர்றவங்க என்ன நினைப்பாங்க சார்?" என்று செயலாளருக்கு ஒரே கவலை. அதன்பின் ஒரு வளைகாப்பு, இரண்டு பிறந்தநாள் முடிந்துவிட்டன. ஸ்பிரே எங்கே என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.