கட்டைக்கும் வில்லங்கம் பார்க்கணும்

"நாலு கட்டை, ஒரு கம்பிவலை. இதுக்கு யார் யார் கையில இருந்துச்சுன்னு பட்டியல் வேற!" குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மன் கலைஞரின் 'மெர்ஸ்பில்ட்' என்ற படைப்பு யார் யார் கையில் இருந்தது என்று பட்டியல் போட்ட என் போன பதிவுக்கு வந்த அந்த கமெண்டையும், அதற்கு விழுந்த சிரிப்புகளையும் நீங்களே பார்த்தீர்கள். சிரித்ததில் பாதிப்பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். இருக்கட்டும்.

குர்ட் ஷ்விட்டர்ஸ் குப்பையில் கிடந்த மரத்துண்டு, கம்பிவலை, டிக்கெட் என்று கண்டதையும் ஆணியடித்து, ஒட்டி, மேலே வண்ணம் பூசியவர். பிடிக்கவில்லையா, விடுங்கள். நான் கேட்டது அழகைப் பற்றி இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்றுதான் கேட்டேன்.

1919-இல் அவர் செய்த 'மெர்ஸ்பில்ட்' ட்ரெஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருந்தது. நாஜிகள் வந்ததும் 1933-லேயே அதைக் கேலிப்பொருளாக மாட்டினார்கள். 1937-இல் மியூனிக்கில், நவீனக் கலையைத் தூற்ற அவர்கள் வைத்த 'சீரழிந்த கலை' கண்காட்சி, அங்கே வேண்டுமென்றே கோணலாக. அந்தச் சுவருக்கு முன்னால் ஹிட்லர் நிற்கிற போட்டோ பத்திரமாக இருக்கிறது. மெர்ஸ்பில்ட் இல்லை. என் பட்டியலின் கடைசி வரி அதுதான். அதற்குத்தான் சிரித்தீர்கள்.

"கலையைக் கலையா மட்டும் பாருங்க சார்." எங்கே போய்ப் பார்க்க?

எங்கப்பா ஒரு மனை வாங்கினார். சொந்தக்காரர் விற்கிறாரே, அவரிடம் போய் ஈசி (வில்லங்கச் சான்று) கேட்பதா என்று கூச்சம். தாய்ப்பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தது. கோர்ட், வக்கீல், வாய்தா என்று அலைந்தே மனுஷன் ஓய்ந்துபோனார். அந்தச் சொந்தக்காரர் இன்றும் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்கிறார். ஆகவே எனக்கு எதைப் பார்த்தாலும் முதலில் வில்லங்கம்தான் கண்ணில் படும். மன்னிக்கவும்.

"எண்பது வருஷத்துக் கதை." ஐயா, 1938 மே 31-ல் நாஜிகள் ஒரு சட்டம் போட்டார்கள்: அருங்காட்சியகங்களிலிருந்து 'சீரழிந்த கலை' என்று அள்ளியதற்கு நஷ்டஈடு கிடையாது. போர் முடிந்த பிறகும் யாரும் அதை ரத்து செய்யவில்லை. அள்ளியது சுமார் 20,000 படைப்புகள். விற்றுப்போனவற்றை அந்த அருங்காட்சியகங்கள் உரிமையோடு திருப்பிக் கேட்க முடியாது. திருட்டுக்கு ரசீது கொடுத்த மாதிரி. இது பழைய கதையா?

"ஜெர்மன்காரன் சண்டை நமக்கெதுக்கு?" நல்ல கேள்வி. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலையை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது, போலிக் காகிதங்களோடு. 2014-இல் சிலை திரும்பி வந்தபோது, "காகிதத்தைச் சரிபார்க்க மாட்டானா வெள்ளைக்காரன்" என்று இதே சுவரில் குதித்தது யார்? சாமி என்றால் வரலாறு, கட்டை என்றால் காமெடியா?

ஷ்விட்டர்ஸ் நார்வேக்கு ஓடினார், அங்கிருந்து பிரிட்டனுக்கு. அங்கேயும் எதிரி நாட்டுக்காரன் என்று முகாமில் அடைத்தார்கள். 1948-இல் பிரிட்டனிலேயே செத்தார். இதையும் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு ஒரு லைக்கூட இல்லை. எமோஜி மட்டும் தாராளம்.

அடுத்த பதிவு, கலைச் சேகரிப்பாளர் சோஃபி லிஸிட்ஸ்கி-கூப்பர்ஸ் பற்றி. ஹானோவர் அருங்காட்சியகத்துக்கு அவர் இரவல் கொடுத்த பால் க்ளே ஓவியத்தை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அந்த ஓவியம் போய்ச் சேர்ந்த மியூனிக் நகரம் அவருடைய வாரிசுகளோடு சமரசத்துக்கு வந்தது 2017-இல். அதிலும் பட்டியல் உண்டு, இதைவிட நீளம். வேண்டாதவர்கள் இப்போதே அன்ஃபாலோ செய்துகொள்ளலாம்.